அர்ச். தேவசகாயமும் பிள்ளை என்ற பட்டமும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, பூசை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, நம் பங்கிலுள்ள பெரியவர் ஒருவர் வாசற்படியருகே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தென்கோடியிலே பிறந்து வளர்ந்தவர். மகனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்தபடியால் மகனோடும் மருமகளோடும் இங்கே வந்து குடியிருக்கிறார். அவர் கையிலே கண்ணாடி போட்ட ஒரு படம் இருந்தது. கைகளிலும் கால்களிலும் விலங்கு பூண்டு நிற்கும் நம் வேதசாட்சியின் படம். அதன் அடியிலே தேவசகாயம் பிள்ளை என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. முந்தின வாரத்து நம் பங்குத்தாளிலோ அர்ச். தேவசகாயம் என்று மாத்திரம் இருந்தது. அது அச்சுப்பிழையா, அல்லது சாமியே பார்த்து வெட்டிவிட்டதா என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மனத்தாங்கலோடு கேட்டார்.

அச்சுக் கோத்தவர்மேல் நான் பழி போடமாட்டேன். அப்படி எழுதிக் கொடுத்தவன் நானே. ஆனால் அந்தப் பட்டத்தை எடுத்தவன் நானல்ல. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதை வாசற்படியில் நின்று நாலு வார்த்தையில் சொல்லி முடிக்க இயலாது. ஆகையால் இந்த வாரம் அவருடைய சரித்திரத்தையே உங்களுக்கு எழுத எண்ணினேன். வீட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒருவர் உரக்க வாசியுங்கள்.

பிள்ளை என்ற பட்டத்தைத் தங்கள் பெயரோடு வைத்திருந்த பெரிய மனிதர் நம் நாட்டிலே அநேகர். கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளையை அறியாதார் யார்? நம் வேதத்தைச் சேர்ந்தவரும், 1879-ம் வருஷம் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதித் தமிழிலே நாவலுக்கு வழி திறந்தவருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளையை உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே படிக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை இத்தேசத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திலே தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர் அவர். நமக்கு அருகேயுள்ள பெரம்பூரில் 1709-ல் பிறந்து, புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சுக் கவர்னர் தூப்ளேக்குத் துபாஷியாயிருந்து நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை வேறொருவர். இவர்கள் எல்லாரும் ஒரே குலத்தாரா என்றால், இல்லை. பாண்டி நாட்டிலே வேளாளர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரிலே அரண்மனை உத்தியோகத்திலிருந்த நாயர்களுக்கு அது மரியாதைப் பெயராயிருந்தது. ஆனந்தரங்கரோ இடையர் குலத்தவர். ஒரே பட்டம் ஊருக்கு ஊர் வெவ்வேறு சாதியாரைக் குறித்தது. ஆனால் எந்த ஊரிலும் அது ஒரு காரியத்தைத் தவறாமல் அறிவித்தது. இன்னார் உட்காருமிடம் எது, இன்னார் நிற்குமிடம் எது என்பதே அது. இத்தனைக்கும் பிள்ளை என்ற சொல்லிலே ஒரு குற்றமும் கிடையாது. தென்னங்கன்றையும் பிள்ளை என்கிறோம், அணிலையும் கிளியையும் பிள்ளை என்கிறோம். நாம் எல்லாரும் சர்வேசுரனுடைய பிள்ளைகள் என்று ஞானோபதேசத்திலே படிக்கிறோம்.

இனி நம் வேதசாட்சியின் கதைக்கு வருவோம். இப்போது கன்னியாகுமரி ஜில்லாவிலே இருக்கும் நட்டாலம் என்ற ஊரில், 1712-ம் வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி அவர் பிறந்தார். அந்நாளில் அது திருவிதாங்கூர் இராஜ்யத்தைச் சேர்ந்த ஊர். தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசை செய்து வந்தவர். தாயார் தேவகியம்மாள் நாயர் குலத்தவர். அந்தத் தேசத்து மருமக்கத்தாய வழக்கப்படி பிள்ளை தாய் வீட்டைச் சேர்ந்தவன். நீலகண்டன் என்று பெயரிட்டார்கள். தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் கற்றார். ஆயுதப் பயிற்சியும் உண்டு. வாலிபத்தில் பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயில் காரியங்களில் அமர்ந்து, பின்பு மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் அரண்மனை ஊழியத்தில் உயர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். கோயிலிலும் மரியாதை, அரண்மனையிலும் மரியாதை, வீதியிலே எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று வழிவிடும் அந்தஸ்து. அந்தக் காலத்துத் திருவிதாங்கூரிலே தாழ்த்தப்பட்டவர்கள் இத்தனை அடிக்கு அப்பால்தான் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடே இருந்தது. நீலகண்ட பிள்ளை அந்த வரிசையின் மேல்படியிலே இருந்தார்.

இவ்வளவு உள்ளவர் மனம் திரும்பியது எப்படி? இங்கேதான் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று வந்து சேருகிறது. பொன்னேரி வழியாய்ப் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் 1515-ல் உண்டான மகிமை மாதா கோயிலை மாத்திரம் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒல்லாந்தருடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை முழுவதுக்கும் அதைத் தலைமையிடமாக வைத்திருந்தது. அதே கம்பெனிக்கு மலையாளக் கரையிலும் மிளகு வியாபாரம் இருந்தது. மார்த்தாண்டவர்மர் அந்த வியாபாரத்திலே குறுக்கிட்டபோது சண்டை மூண்டது. 1741-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் குளச்சலிலே ஒல்லாந்தர் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களிலே ஒருவர் எஸ்தாக்கியுஸ் தெ லன்னோய். கம்பெனியோ புரொட்டஸ்டாண்டு தேசத்தாருடையது. இவரோ கத்தோலிக்க ஊரிலே பிறந்த கத்தோலிக்கர்.

மகாராஜா அவரைக் கொல்லவில்லை. அவருடைய சாமர்த்தியத்தை அறிந்து தம் சேனையை ஐரோப்பிய முறைப்படி பழக்கும் வேலையை அவரிடம் ஒப்புவித்தார். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பத்மநாபபுரத்துக்கு அருகே உதயகிரிக் கோட்டையிலே அவர் இருந்தார். 1777-ல் அங்கேயே மரித்தார். அவருடைய கல்லறையிலே இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது.

அரண்மனை வேலையாக நீலகண்டர் இந்தத் தளபதியோடு பழகினார். அந்தச் சமயத்திலே அவருடைய வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம். ஆடுமாடுகள் செத்தன, பயிர் கெட்டது, கைப்பொருள் கரைந்தது. அவர் முகவாட்டத்தைக் கண்டு தெ லன்னோய் காரணம் கேட்டார். கேட்டபின் ஆறுதலுக்காக யோபு என்ற நீதிமானுடைய சரித்திரத்தைச் சொன்னார். மாடும் போய், மக்களும் போய், சரீரமும் புண்ணாகியும் சர்வேசுரனைத் தூஷணிக்காத ஒரு மனிதனுடைய கதை. நம்மிலே எத்தனையோ பேர் அந்தக் கதையைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறோம். நீலகண்டர் அதைத் தமக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொண்டார். மேலும் மேலும் கேட்டார். கடைசியில் ஞானஸ்நானம் வேண்டும் என்றார்.

மகாராஜாவின் சீமைக்குள்ளே, அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது இலேசான காரியமல்ல. ஆகையால் தெ லன்னோய் அவரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே சேசுசபையைச் சேர்ந்த இத்தாலிய தேசத்துப் புத்தாரி சுவாமி இருந்தார். அவர் உடனே தண்ணீர் வார்த்துவிடவில்லை. விசாரித்தார், சோதித்தார், உபதேசம் படிப்பித்தார். 1745-ம் வருஷம் மே மாதம் 14-ம் தேதி நீலகண்டருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. லாசர் என்ற பெயர் கொடுக்கப்பட்டது. சர்வேசுரன் சகாயம் செய்தார் என்பது அந்தப் பெயரின் பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். பெரிய உத்தியோகஸ்தருக்கு இந்தப் பெயர் வாய்த்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. சுவிசேஷத்திலே ஐசுவரியவானுடைய வாசலில் புண்ணோடு கிடந்த பிச்சைக்காரனுக்கும் பெயர் லாசர்தான். பின்பு பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குத் தெரேசா என்று பெயர். தமிழிலே ஞானப்பூ அம்மாள்.

பெயர் மாறியது, அதோடு நடக்கையும் மாறியது. ஒதுங்கி நின்றவர்களிடம் அவரே போனார். மீன்பிடிக்கிறவர்கள், பனையேறுகிறவர்கள், இன்னும் கீழே தள்ளப்பட்டவர்கள், இவர்கள் வீடுகளுக்குள் நுழைந்தார், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லா மனிதரும் சரிநிகர் என்று போகுமிடமெல்லாம் பேசினார். ஒருவன் தனக்குள்ளே தேவனை மாற்றிக்கொண்டால் ஊரார் ஒருவேளை பொறுத்துக்கொள்வார்கள். பந்தியை மாற்றினால் பொறுக்கமாட்டார்கள். அரண்மனையிலிருந்த மேல்சாதியாரும் கோயில் அதிகாரிகளும் அவர்மேல் மகாராஜாவிடம் குற்றம் சாட்டினார்கள். இராஜ்ய இரகசியங்களை ஐரோப்பியருக்கும் சத்துருக்களுக்கும் வெளியிட்டார் என்பதும் அந்தக் குற்றச்சாட்டிலே ஒன்று. இராஜதுரோகத்துக்காகவே அவர் தண்டிக்கப்பட்டார் என்று எழுதுகிற சரித்திரக்காரர் இன்றும் உண்டு என்பதை உங்களுக்கு மறைக்க வேண்டியதில்லை. திருச்சபை நெடுங்காலம் விசாரித்து, விசுவாசத்தின்மேலுள்ள பகையினாலே அவர் கொல்லப்பட்டார் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

1749-ம் வருஷம் பெப்ருவரி 23-ம் தேதி அவரைப் பிடித்தார்கள். அன்றுமுதல் ஏறக்குறைய மூன்று வருஷம் பாடுபட்டார். விலங்கு பூட்டி, எருமைக்கடாவின்மேல் பின்முகமாய் உட்காரவைத்து ஊரூராய்க் கொண்டுபோனார்கள். எருமை சாதாரணமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட மிருகமல்ல. பல்லக்கிலும் குதிரையிலும் போகத்தக்கவரை அதன்மேல் ஏற்றுவது, இவருக்கு இனி எங்கள் வரிசையிலே இடமில்லை என்று தெருத்தெருவாய்ப் பறையறைவதற்குச் சமானம். அடித்த காயங்களிலே மிளகாய்ப் பொடியைத் தடவி வெயிலிலே நிறுத்தினார்கள். குடிக்கக் கெட்ட தண்ணீர் கொடுத்தார்கள். புலியூர்க்குறிச்சியிலே தாகத்தால் தவித்துப் பாறையிலே முழங்கையால் இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்று அவ்வூர் ஜனங்கள் பரம்பரையாய்ச் சொல்லி, முட்டிடிச்சான் பாறை என்று அதை இன்றும் காட்டுகிறார்கள். பெருவிளையிலே ஒரு வேப்பமரத்தில் ஏழு மாதகாலம் கட்டிவைத்திருந்தார்கள். அங்கே நடந்ததுதான் வேடிக்கை. அவமானப்படுத்தவென்று கட்டிவைத்த மனிதரை ஜனங்கள் தேடி வரத் தொடங்கினார்கள். வியாதிக்காரரும் துக்கப்பட்டவர்களும் அவரிடம் ஜெபம் கேட்டு வந்தார்கள். காவல் சேவகரே அவர்மேல் பட்சமானார்கள். இது நாளுக்கு நாள் பெருகுவதைக் கண்டபின், இவரை உயிரோடு வைத்திருக்கலாகாது என்ற தீர்மானம் உண்டாயிற்று.

ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். ஞானஸ்நானம் பெற வடக்கன்குளத்துக்குப் போகிறவனும் அந்தக் கணவாய் வழியேதான் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே காற்றாடிமலை என்ற குன்றிலே 1752-ம் வருஷம் ஜனவரி 14-ம் தேதி இரவிலே சேவகர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது நாற்பது நிரம்பவில்லை. சரீரத்தைக் காட்டிலே எறிந்துவிட்டார்கள். சில நாள் சென்று கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைத் தேடிப் பொறுக்கி, கோட்டாற்றிலே அர்ச். சவேரியார் கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். இன்றும் அந்தக் கல்லறையை அங்கே காணலாம். ஞானப்பூ அம்மாள் கணவாய்க்கு இப்பால் வடக்கன்குளத்திலே வாழ்ந்து அங்கேயே மரித்தார். கொச்சி மேற்றிராணியார் இந்த மரணத்தைக் கேட்டு நன்றிப் பாடல் பாடுவித்து, 1756-ல் உரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையிலே இதை எழுதினார். ஆனாலும் அவர் பீடத்தில் ஏற 270 வருஷம் சென்றது. நாகர்கோவிலிலே 2012-ம் வருஷம் டிசம்பர் 2-ம் தேதி முத்திப்பேறு பெற்றவராகவும், உரோமையிலே 2022-ம் வருஷம் மே 15-ம் தேதி பாப்பரசர் பிரான்சிசால் அர்ச்சியசிஷ்டவராகவும் அறிவிக்கப்பட்டார். குருவுமல்ல, சந்நியாசியுமல்ல, பெண்சாதியோடு குடித்தனம் நடத்திய ஓர் உத்தியோகஸ்தர். இந்திய தேசத்துப் பொதுநிலை விசுவாசிகளிலே அந்தப் பட்டத்துக்கு முதலாவது உயர்த்தப்பட்டவர் அவரே.

பெரியவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். 2012-ல் நாகர்கோவிலிலே வாசிக்கப்பட்ட பெயரிலே பிள்ளை என்பது இருந்தது. அவர் படம் அச்சானது அந்த வருஷத்திலேதான். ஆகவே படத்தின்மேல் தப்பில்லை. பின்பு, 2017-ல், விசுவாசிகளிலே சிலர் உரோமைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். சாதி ஏற்றத்தாழ்வை விட்டதற்காக அடிபட்டவருடைய பெயரோடு சாதிப்பட்டத்தைச் சேர்த்துப் பீடத்தில் ஏற்றுவது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். உரோமை அதை ஆலோசித்து, 2020-ல் அந்தப் பட்டத்தை நீக்கியது. சிலருக்கு இது மனவருத்தம் தந்தது. எங்கள் குலத்திலே பிறந்தவரை எங்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. தன் வீட்டில் ஒருவர் மோட்சத்திலே இருக்கிறார் என்ற பெருமையை யார்தான் விரும்பார்? ஆனால் வாசித்துக்கொண்டு வந்தவர்களே யோசியுங்கள்: அந்த வீட்டார்தானே அவரை எருமைமேல் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று வருஷமாய் அடித்து அடித்து அந்தப் பட்டத்தை அவரிடமிருந்து உரித்தது உரோமையல்ல.

நாம் பேசாதிருக்கவும் கூடாத ஒரு காரியம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை கிறிஸ்தவரல்ல. ஆனாலும் 1745-ம் வருஷம் அக்டோபர் மாதத்து நாட்குறிப்பிலே புதுச்சேரிக் கோயிலைப்பற்றி எழுதியிருக்கிறார். பூசை காண வரும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து நிறுத்தக் கோயிலுக்குள்ளே சுவர் இருந்ததையும், அவர்கள் முறையிட்டபின் அதை எடுத்துப்போட்டதையும் அதிலே காணலாம். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வருஷம்! அதற்கு நூறு வருஷத்துக்குமேல் சென்றபின், அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்திலே நம்மவர்கள் என்ன செய்தார்கள்? வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டாய்ப் பிரிந்து நிற்கும் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். பீடம் ஒன்று, வாசல் வேறு. 1910-ல் கௌசானல் சுவாமி துணிந்து நடுவிலிருந்த தடையை இடித்தபோது, அது எங்கள் உரிமை என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். வழக்கைத் தொடுத்தவருடைய பெயரிலும் பிள்ளை என்ற பட்டம் இருந்தது. இதை அவரைப் பழிக்க எழுதவில்லை. ஒரே ஊர், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பட்டம், நடந்தவையோ இரண்டு என்று காட்டவே எழுதுகிறேன்.

நம் பங்கிலே கோயிலுக்குள் சுவர் இல்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனால் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து பிள்ளையின் பெயரை நான் எழுதும்போது, தகப்பன் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தையும் சேர்த்து எழுதும்படி காதோடு சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் கலியாணத்துக்கு உதவும் என்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் பிழைப்புக்காக இங்கே வந்து, ஆலையில் ஒரே வரிசையிலே நின்று ஒரே சங்குக்கு வேலைக்குப் போகிறவர்கள், பெண் கொடுக்கிற சமயத்திலே மாத்திரம் பழைய ஊரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் அப்படிச் சேர்த்து எழுதுவதில்லை. இதனாலே என்மேல் வருத்தமுள்ள இரண்டொரு குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் இந்தத் தாள் போய்ச் சேரும்.

அர்ச். தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. பொங்கல் நெருக்கத்திலே வருகிறபடியால் கரும்பு வாங்குவதிலும் பஸ் பிடிப்பதிலும் அது நமக்கு மறந்துபோகிறது. இந்த முறை அன்று காலை ஐந்தரை மணிக்கே பூசை வைத்திருக்கிறேன்; ஊருக்குப் போகிறவர்கள் கண்டுவிட்டே போகலாம். கொடியிலே அர்ச். தேவசகாயம் என்று மாத்திரம் எழுதும்படி வாலிபர் சபையாரிடம் சொல்லியாயிற்று.

அந்தப் பெரியவரிடம் இவ்வளவையும் சுருக்கமாய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எப்படியும் கொண்டுவந்தாயிற்று, சாமி மந்திரித்துக் கொடுக்க வேண்டும் என்று நீட்டினார். தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தேன். அடியிலே அச்சிட்டிருந்த பெயரை அழிக்கும்படி நான் சொல்லவில்லை. திருநாளன்று கொடி பிடித்து முன்னே நடக்க வருகிறேன் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.